மயில் கழுத்து நிறத்தில் ஒரு கலவை மெஷின்

எங்கள் சித்தப்பா நல்ல எண்ணத்தோடு ஒரு காரியம் செய்யக் கிளம்பினால் குடும்பமே கொஞ்சம் பயப்படும். கருட சேவைக்குக் கட்டிக்கொண்டு போன பட்டுச்சேலையைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சித்தி குளிக்கப் போயிருக்கிறார். வேர்வை ஈரம் போகட்டும் என்று சித்தப்பா அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். பட்டை வெயிலில் போடக்கூடாது என்பது அவருக்குத் தெரியும், தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதானே. வீட்டுப் பக்கத்துக் காலிமனையில் வேப்பமர நிழலில் அருமையாக விரித்துக் காயப்போட்டார். எதன்மேல் என்பதில்தான் பிசகு. அங்கே நின்றுகொண்டிருந்த கான்கிரீட் கலவை மெஷின்மேல்.

சந்தன நிறச் சேலை அது. என் அப்பா நெய்தது. சித்தி குளித்துவிட்டு வந்து எடுத்துப் பார்த்தபோது, தோளிலிருந்து கால்வரைக்கும் பழுப்பாக ஒரு சட்டம் விழுந்திருந்தது. மெஷினின் இரும்பு ஃப்ரேம் அப்படியே, குறுக்குக் கம்பி உட்பட, துருவில் அச்சாகியிருந்தது. பார்த்தவர்கள் முதலில் புது டிசைன் என்றே நினைத்தார்கள்.

சித்தப்பா காஞ்சிபுரத்துச் செவிலிமேட்டில் வீடு கட்டுகிறவர்களுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிறார். சென்ட்ரிங் பலகை, முட்டு, இரும்புச் சட்டி, அப்புறம் இந்த மெஷின். டிரம் சுற்றும், டீசல் இன்ஜின் டபடபவென்று கத்தும், ஜல்லியும் சிமெண்டும் மணலும் உள்ளே போய்க் கலவையாக வெளியே வரும். இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. அதைத் தாங்குகிற ஃப்ரேம்தான் துருப்பிடித்து, ஓரங்கள் அப்பளம் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. மெஷினே இப்படி என்றால் தளம் எப்படி நிற்கும் என்று வீட்டுக்காரர்கள் கேட்பதாகச் சொல்லி, மேஸ்திரிகள் யாரும் அதை எடுப்பதில்லை. மாசக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றது.

சேலை விஷயத்துக்குப் பிறகு சித்தி கத்தவில்லை. பழைய இரும்புக் கடைக்காரருக்கு ஃபோன் போட்டார், அவ்வளவுதான். திங்கட்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வருவதாக அவர் சொல்லிவிட்டார். சித்தப்பா கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் சித்தி கொஞ்சம் இறங்கி வந்தார்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள எவனாச்சும் ஒரு மேஸ்திரி இத்த வேலைக்குக் கேக்கணும். நான் வெள்ளைத்துணி வச்சுத் துடைப்பேன், துணியில துரு ஒட்டக்கூடாது. ரெண்டும் நடந்துச்சுன்னா நிக்கட்டும். இல்லன்னா ஏத்தி வுட்டுடுவேன்.”

சித்தப்பா உடனே எனக்கு ஃபோன் செய்தார். “நீ மெக்கானிக்கல் படிச்சவதானேம்மா” என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் நான் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டேன்.

என் நிலைமை அப்போது அப்படி. படிப்பு முடிந்துவிட்டது, வேலைக்கு ஆர்டரும் வந்துவிட்டது, எப்போது வந்து சேரவேண்டும் என்று மட்டும் கம்பெனிக்காரர்கள் சொல்லவில்லை. வீட்டில் தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து, துருப்பிடித்த சாமான்களைப் புதுசாக்குகிற வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த ஸ்பேனர், ஆற்றில் கிடந்த அரிவாள், எல்லாம் பளபளவென்று ஆகிவிடும். யார் எந்த நாட்டில் செய்தாலும் கடைசியில் கையால் ஒரு தடவை தடவிக் காட்டுவார்கள். அந்தத் தடவலுக்காக என் கை ஏங்கிப்போயிருந்தது.

முதல் நாள் முழுக்கச் சுரண்டல். ஃப்ரேம்மேல் இருந்தது வெறும் துரு என்று நினைத்திருந்தேன். துருவுக்கு மேலே பழைய கான்கிரீட், கான்கிரீட்டுக்கு மேலே துரு, அதற்கு மேலே காக்காய் எச்சம். சுத்தியலால் தட்டத் தட்டப் பொருக்குப் பொருக்காகக் கழன்று விழுந்தது. கம்பி பிரஷ், உப்புத்தாள், கிரைண்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக மாறினேன். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பதைச் சித்தப்பாவுக்கு விளக்கிக்கொண்டே வேலை செய்தேன். ஈரம், காற்று, எலக்ட்ரான் என்று நான் உற்சாகமாகப் போய்க்கொண்டிருக்க, அவர் “சரிம்மா, சரிம்மா” என்றார். திரும்பிப் பார்த்தால் வேப்பமரத்தடியில் ஃபோனில் யாரோ ஒரு மேஸ்திரிக்குச் சரி சொல்லிக்கொண்டிருந்தார்.

போல்ட்டு நட்டுகளைக் கழற்றினேன். எது எங்கே இருந்தது என்பது மறந்துவிடக் கூடாது என்று சமையலறையிலிருந்து இட்லித் தட்டுகளை எடுத்து வந்து, குழிக்கு ஒரு ஜோடி வீதம் அடுக்கினேன். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவும் வைத்தேன். அப்படி ஒரு ஒழுங்கை நான் காலேஜ் லேபில்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் சித்தி வாசலில் வந்து நின்று, “அந்தத் தட்ட இனிமே அதுக்கே வச்சுக்க” என்றார். அன்றைக்கு எல்லோருக்கும் உப்புமா.

சுரண்டி முடித்ததும்தான் தெரிந்தது, அடிச்சட்டத்தில் ஒரு பக்கம் இரும்பே இல்லை. துரு துருவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. வெல்டிங் கடைக்காரரை அழைத்து வந்தோம். அவர் கேட், ஜன்னல் கிரில் செய்கிறவர். குனிந்து பார்த்துவிட்டு, “இதுல இரும்பு எது, துரு எதுன்னு பிரிச்சுக் காட்டுபா, நான் பத்த வைக்கிறேன்” என்றார் சித்தப்பாவிடம். நான் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினேன். அழுகின பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புது இரும்புச் சேனல் வைத்து வெல்டிங் செய்தார். போகும்போது ஒரு யோசனை சொன்னார்.

“கேட்டுக்குச் செஞ்ச அன்னப்பட்சி ஒண்ணு மீந்து கிடக்குது. முன்னாடி வச்சு ஒட்டிடவா? எடுப்பா இருக்கும்.”

சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் ஆசை தெரிந்தது. அன்னத்தின் கழுத்தில் கான்கிரீட் மாட்டிக்கொண்டால் எடுக்கவே முடியாது என்று நான் சொல்ல, வெல்டிங்காரர் என்னை இரக்கமே இல்லாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்.

திரும்பத் துரு ஏறாமலிருக்க ரெட் ஆக்சைடு ஒரு கோட்டிங் அடித்துக் காயவிட்டேன். மேலே அடிக்க மஞ்சள் பெயிண்ட் வாங்கி வைத்திருந்தேன். கலவை மெஷின் என்றால் மஞ்சள், அதில் என்ன யோசனை என்றுதான் நினைத்தேன். அப்போது என் அப்பா வந்து சேர்ந்தார். சேலைக் கறை போகுமா என்று பார்க்க வந்தவர், டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்கி, குச்சியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“ஒடம்பு மஞ்சளா? சரி. கரை இன்னா கலரு?”

“கரையெல்லாம் இல்லப்பா. மெஷினுக்கு ஏது கரை?”

“கரை இல்லாம எப்படிம்மா வெளிய அனுப்புவ?”

சித்தப்பா கான்கிரீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, ஆனால் அந்த ஒரு கேள்வியில் பழைய தறிக்காரராகிவிட்டார். மஞ்சளுக்கு அரக்குக் கரை என்றார். அதெல்லாம் கல்யாணக் கூட்டத்தில் காணாமல் போகிற கலர் என்றார் அப்பா. மாம்பழ மஞ்சளா எலுமிச்சை மஞ்சளா என்று அதற்குள் ஒரு சண்டை. டிரம் உடம்பா, முந்தியா என்று ஒரு சண்டை. நான் இடையில் புகுந்து, மழை, வெயில், சிமெண்ட் என்று பேசினேன். யாரும் கேட்கவில்லை. கேட்காதபோது எனக்குள்ளும் ஏதோ கிளம்பிவிட்டது. நானும் அந்த வீட்டுப் பெண்தானே.

“மயில் கழுத்து அடிச்சா இன்னா?” என்றேன்.

ரெண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள்.

மயில் கழுத்து நிறத்தைச் சாயத்தில் முக்கி எடுக்க முடியாது. நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் ஒரு கலர், குறுக்கே ஓடுகிற ஊடை நூல் இன்னொரு கலர். நீலமும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று ஓடுவதால் சேலை அசையும்போது நிறம் மாறும். இந்த மெஷின் அசையாது. அதனால் பார்க்கிறவர்கள் அசைய வேண்டும். ஒவ்வொரு கம்பியிலும் சமையலறையைப் பார்த்த முகத்துக்கு நீலம், தெருவைப் பார்த்த முகத்துக்குப் பச்சை. நடந்து போனால் மாறும். இதை விளக்கும்போது எனக்கே மூச்சு வாங்கியது.

அப்பா ரொம்ப நேரம் ஃப்ரேமைப் பார்த்தார். “நீளக் கம்பிய நீலமாவும் குறுக்குக் கம்பிய பச்சையாவும் அடிச்சா?”

“அது கட்டமாப் பூடும்பா.”

“ஆமா, கட்டமாப் பூடும்” என்று ஒத்துக்கொண்டு, சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டினார்.

மஞ்சள் டப்பாவை மூடி வைத்துவிட்டு நீலமும் பச்சையும் வாங்கி வந்து, சனிக்கிழமை முழுக்க மூன்று பேரும் அடித்தோம். அப்பாவின் கை தறியில் பழகிய கை, ஓரம் தாண்டவில்லை. சித்தப்பா ஓரத்தைத் தாண்டி எல்லாவற்றுக்கும் அடித்தார், தன் மீசை உட்பட. நீலமும் பச்சையும் சேருகிற விளிம்பில் ஜரிகை மாதிரி தங்கக் கலர் ஒரு இழை ஓடினால்தான் எடுபடும் என்று அப்பா பிடிவாதம் பிடித்து, அதையும் அவரே ஓட்டினார். சாயங்காலம் தள்ளி நின்று பார்த்தோம். பிறகு தெருவிலிருந்து வேப்பமரம் வரை வேகமாக நடந்து பார்த்தோம். பச்சை, பச்சை, மரத்தைத் தாண்டும்போது சட்டென்று நீலம். சித்தப்பா திரும்பவும் நடந்தார். எதிர்வீட்டுக்காரர் தண்ணீர் பிடிக்க வந்தவர், குடத்தை வைத்துவிட்டு எங்களோடு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மேஸ்திரி வந்தார். பெரிய காஞ்சிபுரத்தில் வெள்ளிக்கிழமை ஒரு தளம் போட வேண்டுமாம், முகூர்த்த நாள். தெருப் பக்கமாக நின்று இன்ஜினை ஓட்டச் சொன்னார். அடிச்சட்டத்தை எட்டி உதைத்துப் பார்த்தார். வெல்டிங் அசையவில்லை.

“இந்தப் பச்சை மெஷின் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை விடியறப்போ அனுப்பிடு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சித்தப்பா சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் இன்ஜினை நிறுத்தாமலே விட்டார். அந்தச் சத்தத்தில்தான் அடுத்த ஃபோன் வந்தது. வீட்டுக்குப் பின்னால் மாடி கட்டிக்கொண்டிருந்த இன்னொரு மேஸ்திரி. மேலே நின்று பார்த்திருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

“அண்ணா, வெள்ளிக்கிழமை எனக்கு அந்த நீல மெஷின் வேணும்.”

“அது புக் ஆயிடுச்சேபா.”

“பச்சைதானே ஆச்சு. அந்தாளு சொல்லிக்கினே போனாரு, கேட்டேன். நீலம் சும்மாதானே நிக்குது.”

“ரெண்டும் ஒண்ணுதாம்பா.”

“ஒரே கம்பெனியா? பரவால்ல, எனக்கு நீலம் குடு.”

சித்தப்பா விளக்க விளக்க அந்தப் பக்கம் குரல் ஏறிக்கொண்டே போனது. பெரிய ஆளுக்கு உண்டு, தனக்கு இல்லை என்றால் நேராகச் சொல்லலாமே என்று அவருக்கு வருத்தம். சாரத்திலிருந்து இறங்கி நேரிலேயே வந்துவிட்டார். பின்பக்கமாக வந்து மெஷினைப் பார்த்தார். நீலம். “இதோ” என்று கையை நீட்டிக்கொண்டே தெருப் பக்கம் வந்தார். பச்சை. கையை மடக்கிக்கொண்டார். திரும்பவும் பின்பக்கம் போனார். திரும்பவும் வந்தார். வேப்பமரத்துக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

“இன்னொண்ண எங்க வச்சிருக்கீங்க?”

அப்பா அவர் தோளைப் பிடித்து, பாவு, ஊடை என்று முதலிலிருந்து சொன்னார். மேஸ்திரி பொறுமையாகக் கேட்டார். அவருடைய மாமியார் வீடும் தறிக்காரர் வீடாம். கடைசியில், “மயில் கழுத்தா? முதல்லயே சொல்றதுக்கு இன்னா” என்று சொல்லி, தன் தளத்தை அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் சித்தி வெளுத்த வேட்டித்துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு வந்தார். அடிச்சட்டம், குறுக்குக் கம்பி, சக்கரத்துக்கு உள்பக்கம், அவர் பார்க்கமாட்டார் என்று நாங்கள் நினைத்த இழுவைக் கொக்கிக்கு அடி, எல்லா இடத்திலும் அழுத்தித் துடைத்தார். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். சித்தி துணியை விரித்துப் பார்த்தார். துரு இல்லை. ஒரு மூலையில் மட்டும் தங்கக் கலர் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அப்பாவின் ஜரிகை சரியாகக் காயவில்லை.

“இது துரு இல்ல, சித்தி” என்றேன்.

“எனக்குக் கண்ணு தெரியும்” என்றார்.

திங்கட்கிழமை பழைய இரும்புக்காரர் வந்தபோது, சித்தி மெஷினைத் தொடவிடாமல், அதன் தேய்ந்துபோன மொட்டைச் சக்கரத்துக்குப் பதிலாக நல்ல சக்கரம் ஏதாவது வந்தால் சொல்லச் சொல்லி அவரை அனுப்பிவிட்டார். வெறும் வண்டியோடு போன இரும்புக்காரருக்கு முகம் தொங்கிப்போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மெஷின் போனது. நானும் பின்னாலேயே போய் நின்று பார்த்தேன். தளம் பாதி ஏறுவதற்குள் சிமெண்ட் பால் தெறித்துத் தெறித்து, நீலமும் இல்லை, பச்சையும் இல்லை, யானை மாதிரி சாம்பலாகிவிட்டது. நான் படித்த படிப்பில் இது எனக்கு முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும். சித்தப்பா ஹோஸ் பிடித்துக் கழுவக் கழுவ, கொஞ்சம் கொஞ்சமாக மயில் வெளியே வந்தது.

இருட்டுவதற்குள் காலிமனைக்கு இழுத்து வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். கை காலெல்லாம் கெஞ்சியது. சித்தி சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“இப்படி நிறுத்தினா எனக்குப் பச்சை தெரியுது.”

“அதனால இன்னா?” என்றார் சித்தப்பா.

“எனக்கு நீலம்தான் தெரியணும். திருப்பி நிறுத்துங்க.”

அந்த மெஷினைக் கையால் திருப்புவது என்பது ஒரு எருமையை வாசற்படியில் திருப்புவது மாதிரி. சித்தப்பா கொக்கியைப் பிடித்தார், நான் டிரம்மைத் தள்ளினேன். போதவில்லை. சித்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சட்டத்தில் தோளைக் கொடுத்தார்.

“கட்டியிருக்கிறது பட்டு இல்லையே?” என்று கேட்டார் சித்தப்பா.

“நீ தள்ளு.”

தள்ளினோம்.