கேள்வி சிஸ்டர்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவில் அவளுக்குக் கேள்வி சிஸ்டர் என்று பெயர். ஊசி போடுகிறவர்கள் வேறு, ரத்தம் எடுக்கிறவர்கள் வேறு. இவளுக்கு வேலை கேட்பது. புது மருந்து மனிதருக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கும் ஆய்வுகள் அங்கே நடந்துகொண்டிருந்தன. மருந்து ஏற்றிக்கொள்ள வருகிறவர்களை எதிரே உட்கார வைத்து, வாந்தி உண்டா, பேதி உண்டா, வாய்ப்புண் உண்டா, கைகால் மரத்துப் போகிறதா என்று ஒன்றுவிடாமல் கேட்டுக் கணினியில் ஏற்ற வேண்டும். அந்தக் கேள்விகள் அவளுக்கே அலுத்துப்போய் வருஷக்கணக்காகிறது. வீட்டுக்குப் போனால் யாரையும் எதுவும் கேட்க மாட்டாள். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்பதில்லையே என்று கணவர் குறைப்பட்டுக்கொண்டால், இன்றைக்குக் கேள்வி தீர்ந்துபோயிற்று, நாளைக்குத்தான் வரும் என்பாள். சொல்லி முடிப்பதற்குள் கண் சொருகிவிடும்.

ஆய்வில் சேர்ந்தவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மனுஷரை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது? அதனால் மனசுக்குள்ளேயே ஆளுக்கொரு பெயர் சூட்டியிருந்தாள். மூக்குக்கண்ணாடி டீச்சர், சிரிக்கும் மாமா, ரொட்டிக்காரர்.

ரொட்டிக்காரர் பேக்கரி வேன் ஓட்டுகிறவர். விடிகிற நேரத்துக்குள் கடை கடையாக ரொட்டி இறக்கிவிட்டு, சட்டையில் அந்த வாசனையோடேயே வந்து உட்காருவார். முதலில் வந்தபோது கழுத்தின் ஒரு பக்கம் வீங்கி, சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியாமல் இருந்தார். மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகுதான் இந்த ஆய்வில் சேர்த்தார்கள். சில மாதத்தில் வீக்கம் வற்றியது. ஒருநாள் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். கூட வந்த மனைவி, கேள்வி சிஸ்டரின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. மருந்தைக் கண்டுபிடித்தது நானில்லை என்று எவ்வளவு சொல்லியும் அந்த அம்மா கேட்பதாக இல்லை.

எதைக் கேட்டாலும் ரொட்டிக்காரர் சொல்லும் பதில் ஒன்றுதான். "ஒண்ணும் இல்ல சிஸ்டர், ஜம்முனு இருக்கேன்."

இந்த ஜம்முனு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. வெளியே காத்திருக்கும் கூடத்தில் ஒரு டியூஷனே நடந்துகொண்டிருந்தது. சிரிக்கும் மாமாதான் வாத்தியார். ஆய்வு விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். வாய்ப்புண் என்று வாயைத் திறந்த ஒருவரை ஆய்விலிருந்தே எடுத்துவிட்டார்கள், அதனால் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள் என்பது பாடம். உண்மையில் அந்த ஆளுக்கு நோய் முற்றியதால்தான் நிறுத்தினார்கள். ஆனால் ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் பேசக் கூடாது என்பது விதி. அது அவள் வாயைக் கட்டிப் போட்டிருந்தது. எதையும் மறைக்காதீர்கள் என்று மட்டும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். கூடம் முழுக்கத் தலையாட்டும். பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்து ஜம்முனு இருப்பார்கள். ஒருகட்டத்தில் அவளும் விட்டுவிட்டாள். திரையைப் பார்த்தபடியே கேட்பாள், இல்லை இல்லை என்று தட்டிக்கொண்டே போவாள். வரிசையும் நீளம், முதுகு வலியும் நீளம். அவளைப் பெரிதாகக் குற்றம் சொல்லவும் முடியாது.

அன்றைக்கு ரொட்டிக்காரர் ஒற்றைச் செருப்போடு வந்திருந்தார். அது அவருக்கே தெரியவில்லை. கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தபோதுதான் அவள் கண்ணில் பட்டது. ஒரு காலில் செருப்பு. மற்றது வெறுங்கால், பெருவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் உறைந்திருந்தது. செருப்பு எங்கே என்று கேட்டாள். அவர் குனிந்து பார்த்தார். பார்த்த பிறகுதான் முகம் மாறியது.

கூட வந்த மனைவி மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு ரொட்டிக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். கால் மரக்கத் தொடங்கி ரொம்ப நாளாகிறதாம். முதலில் விரல் நுனி, பிறகு பாதம், இப்போது கணுக்கால்வரை.

"அப்ப வண்டி எப்படி ஓட்டுறீங்க அண்ணே?"

"பிரேக்கக் குனிஞ்சு பாத்து மிதிக்கிறேன்."

அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"வண்டிய வேணா இன்னையோட விட்டுடறேன் சிஸ்டர். இன்னைக்கு மட்டும் இல்லைன்னு போட்டுருங்க. மருந்த மட்டும் நிறுத்திடாதீங்க." அவர் கை, சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தது.

போட்டுவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்கும் தோன்றியது. யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் இன்னொரு முறை மருந்து ஏறினால் அந்தக் கால் திரும்பவே திரும்பாமல் போகலாம். நாளைக்கு இதே மருந்து எத்தனையோ பேருக்குப் போகும். இந்தப் பதிவை நம்பி, காலுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லியே அவர்களுக்குக் கொடுப்பார்கள். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ரொட்டிக்காரர் மேல், சிரிக்கும் மாமா மேல், மேசைக்கு அடியில் ஒருநாளாவது பார்க்காத தன் மேல். உண்டு என்று தட்டினாள்.

டாக்டர் வந்து பாதத்தில் ஊசியால் குத்திப் பார்த்தார். ரொட்டிக்காரர் காலை இழுக்கவில்லை. இந்த அளவுக்குப் போன பிறகு மருந்தைத் தொடர விதி இடம் கொடுக்காது என்றார் டாக்டர். ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் அளவைக் குறைத்துக் கொடுத்தே ஓட்டியிருக்கலாம் என்றும் சொன்னார். திரும்பி வந்த அந்த அம்மா இந்த முறை சிஸ்டரின் கையைப் பிடிக்கவில்லை. தன் செருப்பைக் கழற்றிக் கணவர் காலருகே வைத்தார். அது நுழையவில்லை.

நிறுத்தினாலும் ஆய்வு ஆளை விடாது. உயிரோடு இருக்கிறாரா என்று அவ்வப்போது போன் செய்து தெரிந்துகொள்ள வேண்டும். கேள்வி சிஸ்டரின் வேலைகளில் அதுதான் மகா கொடுமை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவள், ஒரு சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகு ரொட்டிக்காரரின் போன் எண்ணை அழுத்தினாள். எடுத்தது அவரேதான். அவர் ஹலோ என்றதுமே அவள் வேலை முடிந்துவிட்டது. ஒப்புக்கு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவைத்தாள்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். கழுத்து திரும்ப வீங்குகிறது, மேல் பொத்தானைப் போட முடியவில்லை. ராத்திரியில் பாதம் எரிகிறது. சாப்பாடு இறங்கவில்லை. வேன் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்குப் பேக்கரிக்குப் பின்னால் நின்று அழுதது வீட்டில் தெரியாது. பயமாக இருக்கிறது. ஜம்முனு என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை.

"இதெல்லாம் இப்ப எழுதிக்க மாட்டீங்கல்ல சிஸ்டர்?"

"இல்லண்ணே, எழுத மாட்டேன்."

"இன்னும் இருக்கு. சொல்லட்டுமா?"

அவள் பையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "சொல்லுங்கண்ணே" என்றாள்.