சனிக்கிழமை சாசேஜ்

பால்பாண்டி இருபத்து நான்கு வருடம் பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். ஒரு வேளைக்கு இருநூறு பேருக்கு ஆக்கிப்போட்ட கை. அந்தக் கையால் ஆக்கியதில் ஒரு வாய்கூட அவர் மனைவி வெங்கடேஸ்வரி தின்றதில்லை. வருடத்துக்கு ரெண்டு மாதம் லீவில் வன்னியம்பட்டிக்கு வருவார். "அங்கதான் கரண்டியும் கையுமா கெடக்கான், இங்கயாவது உக்காந்து சாப்பிடட்டும்" என்று மாமியார் அவரை அடுப்படிக்குள் விடமாட்டார். மாமியார் போன பிறகு வெங்கடேஸ்வரியும் அதையே சொல்லிப் பழகிவிட்டாள்.

அவள் பிறந்தது வ. புதுப்பட்டியில். இருபது வயதில் வாக்கப்பட்டு வந்தாள். ரெண்டு ஏக்கர் மக்காச்சோளக் காட்டைப் பார்த்தது, படுக்கையில் விழுந்த மாமியாரைக் கடைசிவரை தூக்கிக் கிடத்தியது, மகள் கார்த்திகாவைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தது எல்லாம் அவள்தான். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் மிச்சம் இருப்பதைப் போட்டு, நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். அது ஒரு குறையென்று அவளுக்குத் தோன்றியதுமில்லை.

பால்பாண்டி ஓய்வுபெற்று வந்த மூன்றாவது மாதம், ஒரு காலையில், அவள் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். தெருவரைக்கும் தீய்ந்த வாடை. ஓடிவந்து பார்த்தால் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்து, சட்டியே கறுத்துக் கிடக்கிறது. அடுப்புக்கு நாலு முழத்தில் நாற்காலி போட்டு அவர் போன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க, மூக்குல என்ன மூடியா போட்டிருக்கு?"

அவர் சட்டியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"எனக்கு வாடை தெரியாது" என்றார். "கொரோனா வந்துட்டுப் போனதுல இருந்தே தெரியாது. உப்பு தெரியும், ஒறைப்பு தெரியும். மத்ததெல்லாம் ஈரத் துணியைக் கடிச்ச மாதிரி இருக்கும். கடைசி ஒரு வருசம் பக்கத்துல நின்ன பயலுகளை ருசி பாக்கச் சொல்லித்தான் ஓட்டினேன். ஒருத்தருக்கும் சொல்லல."

வெங்கடேஸ்வரி கறுத்த சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். அதைத் தேய்க்கத் தேய்க்க, மூன்று மாதமாக அவருக்குத் தான் வைத்த குழம்புகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒன்றுக்குக்கூட அவர் குறை சொன்னதில்லை. பெருந்தன்மை என்று நினைத்து உள்ளுக்குள் பெருமைப்பட்டிருந்தாள்.

மதுரையில் ஒரு மூக்கு டாக்டரைப் பார்த்தார்கள். வந்தால் வரலாம், வராமலும் போகலாம் என்றார் அவர். அதன்பிறகு பால்பாண்டி அடுப்படிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காட்டுக்குப் போவார், வருவார், உட்காருவார்.

தீபாவளிக்கு வெங்கடேஸ்வரியின் தம்பி முத்துப்பாண்டி வந்தான். புதுப்பட்டியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஊரில் நாலு வீடு சேர்ந்து கிடா வெட்டிப் பிரித்ததில் அக்காவுக்கென்று ஒரு கூறு கறியும், அலசாத குடல் ஒன்றும் கொண்டுவந்திருந்தான். அவள் குடலைக் குழம்புக்கு நறுக்க அரிவாமனையை எடுத்தபோது, "செத்த நேரம் பொறு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பால்பாண்டி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பெல்காமில இருக்கையில கோவாக்காரன் ஒருத்தன் சொல்லிக்கொடுத்தான். சாசேஜ்னு பேரு. கறியைக் கொத்தி மசாலா போட்டு, இந்தக் குடலுக்குள்ளயே அடைக்கிறது."

"கறியையே குடலுக்குள்ளயா?" என்றான் முத்துப்பாண்டி. "அது நாம தின்ன பொறவு தானா நடக்குறதுதான மச்சான்?"

வெங்கடேஸ்வரி சிரித்துவிட்டாள். பால்பாண்டியும் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபடி அவள் அரிவாமனையை மடக்கி வைத்தாள்.

அன்றைக்குத்தான் முதன்முதலாகப் புருசன் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தாள். குடலை நீளக் குச்சியில் மாட்டி உள்பக்கத்தை வெளியே திருப்பினார். கத்தியின் முதுகால் வழித்து, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு நாலு தண்ணீரில் அலசினார். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது குடல். மூன்று பங்கு கறிக்கு ஒரு பங்கு கொழுப்பு. இரண்டையும் புளியங்கட்டையில் வைத்து இரண்டு கத்தியால் கொத்தினார். கொழுப்பு இளகிவிடக் கூடாதென்று கறிச்சட்டியை ஐஸ் தண்ணீர் நிறைந்த அன்னக்கூடைக்குள் இறக்கி வைத்துக்கொண்டார். உப்பைத் தராசில் நிறுத்தார். மிளகாய்த்தூள், பூண்டு, மிளகு, சோம்பு போட்டுப் பிசைந்தார். கையில் ஒட்டிக்கொண்டு இழுபட வேண்டும், அதுதான் பதம் என்றார். பிறகு நெல்லிக்காய் அளவு உருண்டை ஒன்றைத் தட்டி, தோசைக்கல்லில் சுட்டு அவளிடம் நீட்டினார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா?"

"நல்லாருக்குன்னா, நல்லாருக்கு."

"ஏட்டி, அது எனக்குக் காணாது. உப்பும் ஒறைப்பும் எனக்கே தெரியுது. பூண்டு பச்சையா அடிக்குதா? சோம்பு மொதல்ல வருதா, பொறவு வருதா? அதச் சொல்லு."

அவளுக்கு நாற்பத்து நான்கு வயதாகிறது. சமைத்ததில் உப்பு கூடிவிட்டது, புளி போதவில்லை என்று அவளுக்குச் சொன்னவர்கள் ஏராளம். உன் நாக்குக்கு என்ன தெரிகிறது என்று யாரும் கேட்டதில்லை. இன்னொரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவசரப்படாமல் மென்றாள்.

"பூண்டு மூக்குல ஏறுது, பச்சையாத்தான் இருக்கு. சோம்பு... அது ஒளிஞ்சிருக்கு. முழுங்குன பொறவுதான் எட்டிப் பாக்குது."

"ஆங், அப்படிச் சொல்லு!" பால்பாண்டி தொடையைத் தட்டினார். பூண்டை இனிமேல் வதக்கித்தான் போட வேண்டும் என்றார், சோம்பை வறுத்துப் பொடித்து இன்னும் கொஞ்சம் சேர்த்தார். மறுபடி உருண்டை, மறுபடி தோசைக்கல். நாலாவது உருண்டைக்குத்தான் அவள் தலையை ஆட்டினாள்.

அகல வாய்ப் புனல் ஒன்றின் குழாயில் குடலை ஏற்றி, மத்தின் காம்பால் கறியைத் தள்ளினார். அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சாண் ஒன்றுக்கு முறுக்கி நூல் கட்டி, காற்று நிற்கும் இடத்தில் ஊக்கால் குத்தி, தண்ணீரில் போட்டார்கள். "தண்ணி கொதிக்கப்படாது, முனங்கணும்" என்று அடுப்பைத் தணித்தார். வெந்ததை எடுத்து எண்ணெயில் புரட்டியபோது முத்துப்பாண்டி மச்சானைக் கேலி செய்ததை மறந்து ஐந்து துண்டு தின்றான்.

அதிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, கறி எடுக்கும்போதெல்லாம் சாசேஜ் போட்டார்கள். சோம்பு "எட்டிப் பாக்குது", மிளகு "முந்திக்கிட்டு வருது", கொழுப்பு "அண்ணத்துல கம்பளி விரிக்குது" என்று அவளுக்கென்று ஒரு பாஷை உண்டாகிவிட்டது. வருடத்துக்கு ரெண்டு மாதம் பேசிப் பழகிய புருசனும் பெண்டாட்டியும் கறிச்சட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசினார்கள்.

அடுத்த வருடம் சித்திரையில் கார்த்திகா பிரசவத்துக்கு வந்தாள். ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷன் செய்து பெண்குழந்தை. வெங்கடேஸ்வரி மகளோடு தங்கிவிட்டாள். பால்பாண்டிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கறி எடுத்து, கொத்திப் பிசைந்து பிரிட்ஜில் வைத்துவிட்டு, பேத்தியைப் பார்க்க மறுபடி ஆஸ்பத்திரிக்கே வந்து அன்றிரவு அங்கேயே படுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அடித்த காற்றில் வன்னியம்பட்டியில் வேப்பமரம் ஒன்று கம்பியில் சாய்ந்து, மறுநாள் மத்தியானம்வரை கரண்ட் இல்லை. அவருக்கு அது தெரியாது. மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனபோது பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. கறி தொட்டதற்குச் சில்லென்று இருந்தது. குழந்தை பார்க்கப் போகிற வழியில் முத்துப்பாண்டி எட்டிப்பார்த்தான். ரெண்டு பேருமாக உட்கார்ந்து சுட்டுத் தின்றார்கள். முத்துப்பாண்டிக்கு அன்று காலையிலிருந்தே சளி, மூக்கடைப்பு.

மறுநாள் விடிந்ததும் முத்துப்பாண்டியின் மனைவி காளீஸ்வரி போன் செய்தாள். உங்க வீட்டில் சாசேஜ் தின்றுவிட்டு வந்தவருக்கு ராத்திரி பூராவும் வாந்தியும் பேதியும், ஸ்ரீவில்லிபுத்தூரில் சேர்த்திருக்கிறோம் என்றாள். வெங்கடேஸ்வரி மகளுக்குச் சம்பந்தியம்மாளைத் துணைக்கு வைத்துவிட்டு பஸ் ஏறினாள். வார்டில் தம்பி குளுக்கோஸ் ஏறியபடி வதங்கிக் கிடந்தான். வெளியே வராந்தா பெஞ்சில் பால்பாண்டி. அவருக்கும் வாந்தி எடுத்து ஓய்ந்திருந்தது. சட்டையெல்லாம் கசங்கி, ஒரே ராத்திரியில் பத்து வயது கூடிப்போயிருந்தார்.

"கறி வாடை அடிக்..." என்று ஆரம்பித்துவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கேளு, கேட்டுடு" என்றார் அவர். "வாடை அடிச்சிருக்கும். ஊருக்கே அடிச்சிருக்கும். எனக்கு எங்கிட்டு?"

காளீஸ்வரி வார்டு வாசலுக்கு வந்து, "மதினி, உங்க வீட்டுப் பட்டாளத்துச் சாப்பாடு இனிமே எங்களுக்கு வேண்டாம்" என்றாள். சத்தம் போடவில்லை. அதுதான் வெங்கடேஸ்வரிக்குச் சுருக்கென்று தைத்தது.

முத்துப்பாண்டி ரெண்டு நாளில் எழுந்து வீட்டுக்குப் போனான். பால்பாண்டி புனலையும் புளியங்கட்டையையும் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினார். "நல்லவேளை, இருநூறு பேருக்கு இப்படி ஆகல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாலும் கண் எங்கேயோ இருக்கும். பழையபடி காடு, நாற்காலி, போன்.

வெங்கடேஸ்வரி மூன்று மாதம் பொறுத்தாள். கார்த்திகா குழந்தையோடு புகுந்த வீட்டுக்குப் போன வாரம், ஒரு சனிக்கிழமை காலையில் தானே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்க் கறிக்கடையில் நின்றாள். வெட்டிய கறியை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்தாள். கடைக்காரர், "என்னக்கா, என் கறி மேல சந்தேகமா?" என்றார்.

"ஒம்மேல இல்லப்பா. நான் மூக்கு வேலைக்குச் சேர்ந்திருக்கேன்."

வீட்டுக்கு வந்து, பரணில் இருந்து சாக்கை இறக்கி அவளே கொத்த ஆரம்பித்தாள். கத்தி ஒரு பக்கம் இழுத்தது. ஐஸ் வைக்க மறந்துபோனாள். பால்பாண்டி முதலில் திரும்பியே பார்க்கவில்லை. கத்திச் சத்தம் தாளம் தப்பித் தப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"கொழுப்பு இளகுது. ஐஸ் வைக்காம என்ன பண்ணுத?"

"அப்ப வந்து வைங்க."

"வேண்டாம்ட்டி. ஒரு உசுரு போயிருந்தா?"

அவள் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "போகல. தப்பு கறியில இல்ல, தனியா செஞ்சதுல. இனிமே நான் மோந்து பாக்காம ஒரு துண்டும் சட்டியில விழாது. கறி எடுத்த அன்னைக்கே செஞ்சு அன்னைக்கே வேக வைப்போம். நான் ஊர்ல இல்லைன்னா இந்தப் புனல் பரண்ல இருக்கும். சம்மதம்னா உக்காருங்க."

அவர் போய் ஐஸை எடுத்துவந்து அன்னக்கூடையில் போட்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்று மத்தியானமே சுட்ட சாசேஜைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ரெண்டு பேரும் புதுப்பட்டிக்குப் போனார்கள். காளீஸ்வரி தண்ணீர் கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை. முத்துப்பாண்டி வாளியைத் தூரத்தில் நின்று பார்த்தான். "அக்கா, நீ மொதல்ல தின்னு."

வெங்கடேஸ்வரி பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு முழு சாசேஜை எடுத்துக் கடித்தாள். தம்பி வீட்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவது அதுதான் முதல் தடவை. அவசரமே படவில்லை. முழுசையும் தின்று முடித்தாள்.

"மிளகு ஒரு இம்மி கூடிப்போச்சு" என்றாள் புருசனிடம்.

முத்துப்பாண்டி வாளிக்குள் கையை விட்டான். காளீஸ்வரி அன்றைக்குத் தொடவில்லை. ரெண்டு மாதம் கழித்து, தன் அண்ணன் வீட்டு விசேசத்துக்கென்று அவளே போனில் கேட்டாள்.

இப்போது சனிக்கிழமைதோறும் ரெண்டு கிலோ போடுகிறார்கள். பக்கத்து வீட்டு மாரிக்கனிக்குக் கொஞ்சம், கிருஷ்ணன்கோவிலில் குடியிருக்கும் ஒரு மலையாளத்து வாத்தியார் குடும்பத்துக்குக் கொஞ்சம், மற்றது வீட்டுக்கும் தம்பிக்கும். அந்த வாத்தியார் மூலமாக, ஒரு விருந்துக்கு முப்பது கிலோ வேண்டும் என்று ஒருவர் தேடி வந்தார். பால்பாண்டிக்குக் கண் மின்னியது. பெரிய அண்டா எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். வெங்கடேஸ்வரி வந்தவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, முடியாது என்றாள்.

"ஏட்டி, முப்பது கிலோ எனக்கு ஒரு கணக்கா?"

"ஒங்க கை தாங்கும். என் மூக்கு ரெண்டு கிலோவுக்குத்தான்."

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். காட்டுக்குப் போய் வெகுநேரம் கழித்து வந்தார். அவளும் கெஞ்சப் போகவில்லை. சனிக்கிழமை காலையில் அவள் வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தபோது கொல்லையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பால்பாண்டி குந்தவைத்து உட்கார்ந்து குடலை அலசிக்கொண்டிருந்தார். நாலாவது தண்ணீர் ஊற்றியதும் ஒரு முனையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

அவள் குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"இன்னொரு தண்ணி" என்றாள்.