ஆட்டுக்குப் போன சாப்பாடு

என் அக்காவின் கணவருக்குத் தாடை உடைந்தது திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், கை கழுவும் இடத்தில். மூன்றாவது முறையும் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு ஏப்பத்தோடு எழுந்து போனவர், ஈரத் தரையில் வழுக்கி, வாஷ்பேசின் விளிம்பில் தாடையைக் கொண்டுபோய் வைத்தார். பேசினிலும் ஒரு விரிசல். மண்டபத்துக்காரர் ஓடிவந்து முதலில் பார்த்தது பேசினைத்தான்.

மாமா சாதாரணச் சாப்பாட்டுக்காரர் அல்ல. ஒலக்கூர்ப் பக்கம் சொந்த நிலம் வைத்து நெல்லும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிறவர். ஆனால் ஊரில் அவருக்குப் பெயர் அதனால் வரவில்லை. சொந்தத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் முதல் பந்திக்கு முன்னால் அவரைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போய், உள்ளங்கையில் சாம்பார் ஊற்றுவார்கள். அவர் நக்கிப் பார்த்து, கண்ணை மூடி, தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான். "உப்பு கம்மி." அதற்கப்புறம் ஒரு கை உப்பு விழும், பந்தி ஆரம்பிக்கும். இதற்காகவே சமையல்காரர்கள் ஒரு கை குறைத்துப் போட்டு வைப்பார்கள் என்று கேள்வி.

வீட்டிலும் அதே தீர்ப்புதான். முப்பது வருஷமாக அக்காவின் குழம்பு, ரசம், பொரியல் எல்லாவற்றுக்கும். விருந்தாளி இருந்தால் கொஞ்சம் உரக்க. அக்கா பதில் சொல்லி நான் கேட்டதில்லை. உப்பு ஜாடியைக் கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார்கள். ஒன்றரை மாதத்துக்கு வாய் திறக்காது. எது உள்ளே போவதானாலும் நீராகத்தான் போக வேண்டும், துணுக்கு இருந்தால் கம்பியில் சிக்கி அழுகும் என்றார் டாக்டர். நல்லவேளையாகக் கடைவாயில் ஒரு பல் இல்லாத சந்து இருந்தது. எப்போதோ நல்லி எலும்பைக் கடித்துப் போன பல். ஸ்ட்ரா அதன் வழியாக நுழைந்தது. வாழ்நாளில் மாமா செய்துகொண்ட ஒரே முன்னேற்பாடு அது.

"எடை ரொம்ப எறங்கக் கூடாது. எறங்குச்சுன்னா மூக்கு வழியா டியூப் போட்டுதான் சாப்பாடு குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மாமாவின் அண்ணன் கடைசிக் காலத்தில் அப்படி ஒரு குழாயோடு கிடந்தவர். அதைப் பிடுங்கப்போன கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தவர் மாமாதான். டாக்டர் நகர்ந்ததும் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கட்டிய பல்லுக்குள்ளிருந்து காற்றுதான் முதலில் வந்தது, பிறகு சொல்.

"மச்சான். அந்தக் கொழா மட்டும் வேணாம்."

வேண்டாம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் அன்றுதான் கேட்டேன்.

அவர் என் சட்டையைப் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் வகையறாவில் சாப்பாட்டைக் குடிக்கிற ஆள் நான் ஒருவன்தான். நாற்பதைத் தாண்டியதும் சர்க்கரை எட்டிப் பார்க்க, தொப்பை எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு நிரந்தரமாகக் குடியேற, புத்தகங்களையெல்லாம் படித்துவிட்டு இரவு உணவுக்குப் பதிலாக ஒரு பெரிய தம்ளர் ஸ்மூத்தி என்று முடிவெடுத்திருந்தேன். வாழைப்பழம், ஓட்ஸ், தயிர், ஊறவைத்த மல்லாட்டை. குடித்துமுடித்த களைப்புக்கு நாலு தோசை. தொப்பை இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் விஷயஞானம் வந்துவிட்டது.

அந்த விஷயஞானத்தை மாமா அதுவரை விட்டுவைத்ததில்லை. "மச்சான் மாட்டுக்குக் கழனித்தண்ணி கரைக்கறாப்ல தனக்குத் தானே கரைச்சிக்கறான்" என்று கல்யாணங்களில் என்னை அறிமுகப்படுத்துவார். இப்போது அந்தக் கழனியை நம்பித்தான் அவர் மூக்கு இருந்தது.

விழுப்புரத்திலிருந்து என் மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பொண்ணுக்கு சீரா?" என்றார். "மாப்பிள்ளைக்கு" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. இந்தக் காலத்தில் எதுவும் நடக்கும் என்று நினைத்திருப்பார்.

அக்காவுக்குப் பாடம் எடுத்தேன். வெறும் பழத்தை அடித்துக் கொடுத்தால் அது ஜூஸ், சாப்பாடு அல்ல. அரைமணியில் பசிக்கும், சர்க்கரையும் ஏறும். ஒரு தம்ளருக்குள் ஒரு தட்டுச் சாப்பாடு இருக்க வேண்டும். சோற்றுக்குப் பதிலாகக் காய்ச்சிய கேப்பையோ வேகவைத்த ஓட்ஸோ. பருப்புக்குப் பதிலாகத் தோலெடுத்த மல்லாட்டை, பொட்டுக்கடலை, கெட்டித் தயிர். எண்ணெய்க்குப் பதிலாக எள்ளோ தேங்காய்ப்பாலோ. பழம் பேருக்கு ஒன்று. கரண்டியைச் சாய்த்தால் தயங்கி விழ வேண்டும். தண்ணீராக ஓடினால் வயிறு ஏமாறாது. நிறைய நேரம் அரைத்து, டீ வடிகட்டியில் ஒரே ஒரு தடவை வடிகட்டினால் போதும். ஒரு நாளைக்கு ஐந்து தம்ளர்.

அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் அவ்வளவு கவனமாக நான் சொன்னதை முன்பு கேட்டதேயில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் தம்ளரை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். மாமா உறிஞ்சினார். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாங்க, உப்பு சரியா இருக்குதா?"

மாமா அவளைப் பார்த்தார்.

"ம்ம்" என்றார்.

"ம்ம்னா? கம்மியா, ஜாஸ்தியா? சத்தமா சொல்லுங்க, மண்டபத்துல சொல்றாப்ல. நாலு பேரு கேக்கட்டும்."

வாழைப்பழ ஸ்மூத்தியில் உப்பே கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

அதிலிருந்து ஒவ்வொரு தம்ளருக்கும் அந்தக் கேள்வி வந்தது. ஆளிருந்தால் கொஞ்சம் உரக்க. ஆளுக்குப் பஞ்சமுமில்லை. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாதல்லவா? ஒவ்வொருவரும் ஆப்பிளும் பன்னும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார்கள். கல்யாண வீட்டார் குற்றவுணர்ச்சி தாங்காமல் ஒரு டின் முறுக்கே கொண்டுவந்தார்கள். கட்டிய வாயைப் பார்த்ததும்தான் உறைக்கும். "அய்யோ பாவம், அவரால கடிக்க முடியாதே" என்று சொல்லிக்கொண்டே டின்னைத் திறப்பார்கள். பிறகு மாமாவைச் சுற்றி உட்கார்ந்து, அவருடைய இடைவிடாத பார்வையில், கடுக்குமுடுக்கென்று கடித்துக்கொண்டு விபத்தை விசாரிப்பார்கள். அக்கா எல்லாருக்கும் காபி கொடுத்து, இன்னொரு முறுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்துவாள். அவ்வளவு உபசாரமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

இதற்கு நடுவில் மாமாவின் அக்கா, தம்பி தாடை கூடினால் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டு, ஒரு குட்டியை வாங்கி அந்த வீட்டு வாசலில் கட்டிவிட்டுப் போனாள். வேண்டுதல் ஒருத்தியுடையது, தழை ஒடித்துப் போடும் வேலை இன்னொருத்தியுடையது.

இரண்டு வாரம் கழித்து எடை பார்த்தபோது நர்ஸ் மெஷினை ஒருமுறை தட்டிவிட்டு மறுபடி ஏறச் சொன்னார். மெஷின்மேல் குற்றமில்லை. மாமாவின் கழுத்து சட்டைக் காலருக்குள் தனியாக நின்றது. டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்து, "என்ன குடுக்கறீங்க?" என்றார். நான் கேப்பையிலிருந்து எள்வரை ஒப்பித்தேன். "அவ்ளோவும் உள்ள போகுதுன்னா எறங்காதே" என்றார். "இன்னும் ஒரு வாரம் பாக்கறேன். இப்டியே இருந்தா டியூப்தான்."

வழியெல்லாம் மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

எனக்கு அவமானம். கல்யாணத்துக்குக் கல்யாணம் கிண்டல் செய்த மனிதரைக் காப்பாற்றிக் காட்டும் வாய்ப்பு ஒருத்தனுக்கு எத்தனை தடவை வரும்? புத்தகங்கள் பொய்யா, என் கணக்கு பொய்யா என்று யோசித்தபடி வாசலில் உட்கார்ந்தேன். எதிரில் ஆடு. குட்டியாக வந்தது, இப்போது கயிறு இறுகுகிற அளவுக்குக் கழுத்து தடித்து, முதுகு எண்ணெய் தடவியதுபோல மின்னிக்கொண்டு நின்றது. தழையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதன் தாடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். மல்லாட்டை விழுது. வாழைப்பழ வாசனை.

பின்கட்டுக்குப் போனேன். அக்கா வெள்ளை வேட்டித் துண்டில் ஸ்மூத்தியை ஊற்றி, தேங்காய்ப்பால் பிழிவதுபோல முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். கீழே பாத்திரத்தில் இறங்கியது அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. துணிக்குள் ஒரு தட்டுச் சாப்பாடு உருண்டையாக நின்றது.

"அக்கா, இன்னா பண்ற?"

"பாத்தா தெரியல? வடிகட்டறேன்."

"டீ வடிகட்டில ஒரு தடவன்னு தானே சொன்னேன்?"

"டாக்டரு துணுக்கே இருக்கக் கூடாதுன்னாரு. அதான் ரெண்டு தடவ புழிஞ்சி, மூணாவதா ஒரு தடவ துணியில வுட்டு எடுக்கறேன். ஒங்க மாமாவுக்குச் செய்யறதுல ஒரு கொற இருக்கக் கூடாதில்ல? முப்பது வருசமா அத்த தானே சொல்லிக்கினு இருக்காரு."

"சக்க?"

"ஆட்டுக்கு. வாயில்லாத சீவன்."

"அவருக்கும் தான் வாயில்ல. எடை எறங்கினா மூக்குல கொழா வுடுவாங்கன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

துணியை உதறி மறுபடி முறுக்கினாள். "தெரியுமே. நர்ஸம்மாகிட்ட கேட்டேன். கொழாயில ஊத்துனா நாக்குல படாதாம்டா. உப்பு கம்மியா ஜாஸ்தியான்னே தெரியாதாம்" என்றாள். "நல்லா இருக்குதில்ல?"

அவள் சிரிக்கவில்லை. விலை விசாரித்துவிட்டு வந்தவள்போலச் சொன்னாள்.

அவளிடம் அன்றைக்கு வேறு எதையாவது கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றியதெல்லாம் தம்ளரின் கணக்கு சரி, வடிகட்டியதுதான் தப்பு என்பதே. அந்த நிம்மதியில் துணியை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். ஆபீசுக்கு ஒரு வாரம் லீவு சொன்னேன். சமையல்கட்டில் என் மிக்ஸிக்குப் பக்கத்தில் நானே நின்றுகொண்டேன்.

மாமாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். அவர் பழத்தட்டைக் கையால் தள்ளினார். "கறி" என்றார். காற்றோடு வந்தாலும் அந்தச் சொல் தெளிவாக இருந்தது.

ஏன் கூடாது? சாப்பாட்டுக்குப் பதில்தானே, இனிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம்? கறியைக் கொத்தி, மிளகும் இஞ்சியும் போட்டு, நார் விட்டுப்போகும்வரை வேகவைத்தேன். குழைய வடித்த சோறு, துவரம்பருப்பு, வெந்த பூசணித்துண்டு, ஒரு கரண்டி மல்லாட்டை விழுது, கறி வெந்த தண்ணீர். எல்லாம் மிக்ஸிக்குள் போய், அது கதறி நிற்கும்வரை ஓடியது. டீ வடிகட்டியில் ஒரு தடவை. வந்த நிறத்தை நான் வர்ணிக்க மாட்டேன். ஏரி தூர்வாரும்போது கரையில் போடுகிற வண்டலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முறுக்கு தின்னவந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஜல்தியாகக் கிளம்பினார்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார். தம்ளரின் அடியில் ஸ்ட்ரா கொறகொறவென்று சத்தம் போடும்வரை நிறுத்தவில்லை. கண்ணோரத்தில் ஈரம். ஸ்ட்ராவை எடுத்துவிட்டு இன்னொன்று என்று விரல் காட்டினார்.

அக்கா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பு சரியா என்று அன்றைக்குக் கேட்கவில்லை. வாசலில் ஆடு கத்தியது.

அடுத்த வாரம் எடை ஏறியிருந்தது. டியூப் பேச்சு நின்றது. டாக்டர் என் சமையல் குறிப்பை இன்னொரு பேஷண்டுக்குச் சொல்லச் சொன்னார். நான் அதை ஊர் முழுக்கச் சொன்னேன். நாள் வந்ததும் கம்பியை அறுத்தார்கள். தாடை இளகி, மென்று தின்ன ஆரம்பித்த பிறகு கோயிலில் கிடாவெட்டு வைத்தார்கள். மாமா சாப்பிட வேண்டியதைச் சாப்பிட்டு வளர்ந்த ஆட்டை மாமா சாப்பிட உட்கார்ந்தார். மூன்று முறை வடிகட்டியும் ஒரு துணுக்குகூட வீணாகவில்லை.

குழம்பு அக்கா வைத்தது. விடியலிலிருந்து அடுப்படியில் நின்றிருந்தாள். பந்திக்கு முன்னால் வழக்கம்போல மாமாவின் உள்ளங்கையில் ஒரு கரண்டி ஊற்றினார்கள். சொந்தம் முழுக்கச் சுற்றி நின்றது. கம்பி அறுத்தபிறகு அவர் சபையில் வாய் திறப்பது அதுதான் முதல் தடவை. நக்கினார். கண்ணை மூடினார். தாடையை இப்படியும் அப்படியும் அசைத்து, கூடிவிட்டதை எல்லாருக்கும் காட்டினார்.

"உப்பு கம்மி."

கணீரென்று வந்தது. கூட்டம் சந்தோஷமாகச் சிரித்தது. "மாமா திரும்பி வந்துட்டாருப்பா!" என்று யாரோ கை தட்டினார்கள். அவரே சிரித்தபடி என் தோளில் தட்டி, "எல்லாம் என் மச்சான் கைப்பக்குவம்" என்றார். நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அக்கா உப்பு ஜாடியோடு வந்தாள். வழக்கமாக அதை அவர் பக்கத்தில் வைப்பவள், அன்றைக்குக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

"ஒன்ற மாசம்டா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "முப்பது வருசத்துல அந்த ஒன்ற மாசந்தான் வூடு வூடா இருந்திச்சி. கொழா போட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாளு இருந்திருக்கும். இந்தா, நீயே போடு. நீதானே பொழைக்க வச்ச."

எல்லாரும் இலையில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கை அள்ளிப் போட்டேன்.

மாமா மறுபடி நக்கிப் பார்த்தார்.

"இப்ப சரி" என்றார்.