ஏரியில் நட்ட மூங்கில் குச்சிகள்

பக்கத்து மனையில் கொட்டியிருந்த மணலில் யாரோ தண்ணீர் அடித்தார்கள். எழுந்த வாசனையில் நான் நினைவில் கல்வராயன் மலையடிவாரத்து ஏரிக்கரைக்குப் போய்விட்டேன். ஞாயிறுதோறும் அப்பா என்னையும் அக்காவையும் மொபெட்டில் அங்கே கூட்டிப்போவார். மேலே சுட்டாலும் ஒரு விரல் தோண்டினால் குளிர்ந்துவிடும் அந்த மணலில் குப்புறப் படுத்து, சின்ன அலைகள் கரையில் சளசளப்பதைக் கேட்டபடி, வேர்க்கடலை தின்றுகொண்டே பொழுது சாயும்வரை கிடப்போம்.

பிறகு மணல் லாரிகள் வந்தன. எப்போதும் முழங்கால் அளவே இருக்கும் தண்ணீரில் இறங்கிய அக்கா, அடியில் தோண்டியிருந்த பள்ளத்தில் மூழ்கிப்போனாள். அப்பா தூக்கி வந்தபோது உயிர் இல்லை.

அதன்பின்னும் அவர் ஞாயிறுதோறும் போனார். பள்ளம் இருக்கும் இடமெல்லாம் மூங்கில் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டினார்.

"இன்னாத்துக்குப்பா இது? அவுங்க புதுசா தோண்டிக்கினேதான இருக்காங்க?"

"வேற புள்ளைங்க எறங்குமேம்மா."

அடுத்த வாரம் குச்சிகள் பிடுங்கி எறியப்பட்டுக் கிடக்கும். மறுபடி நடுவார்.

இப்போது அங்கே மணலும் இல்லை, தண்ணீரும் இல்லை; சீமைக் கருவேலம் மண்டிவிட்டது. "இனிமே அங்க யாரும் எறங்க மாட்டாங்கப்பா, நீ போவாத" என்றேன்.

அப்பா கேட்டார்: "அப்ப ஞாயித்துக்கெழமைல நான் எங்கம்மா போறது?"