லாந்தர் வீட்டு வின்சென்ட்

மால்டாவில் எங்கள் மார்சாஷ்லொக் படகுத்துறையில் ஞானஸ்நானப் பெயரும் குடும்பப் பெயரும் பாதிரியாருக்கும் போலீசுக்கும்தான் உதவும். கருவானா என்று கூப்பிட்டால் கடற்கரையில் பாதிப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆளைச் சொல்ல வேண்டுமென்றால் பட்டப்பெயர்தான். அதை ஊர் சூட்டும், குடும்பம் மொத்தமும் சுமக்கும்.

மீனவன் விஸ்தின் வீட்டுக்கு அவன் அப்பா காலத்தில் 'லாந்தர்' என்று பெயர். அது 'பிரசல்ஸ்' ஆனதற்கு விஸ்தினின் வாய்தான் காரணம்.

மால்டா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரலாமா என்று ஓட்டெடுப்பு நடந்த வருடம், அதன் தலைமையிடமான பிரசல்ஸிலிருந்து ஒரு அதிகாரி வந்து மீனவர்களைக் கூட்டிப் பேசினார். விஸ்தின் எழுந்து, சூரை மீன் பிடிக்கத் தடை வருமா என்று கேட்டான். "உங்களைக் கேட்டுத்தான் எதையும் செய்வோம்" என்று சொல்லி அவர் இவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். அந்தக் கையை அவன் ஒரு வாரம் கழுவியிருக்க மாட்டான் என்பது என் சந்தேகம். என் மதுக்கடைக்கு வந்தவன் போனவனிடமெல்லாம் அதே பேச்சு.

"நம்மளக் கேட்டுத்தான் செய்வாங்களாம்!"

அவன் தம்பி வின்சென்ட், எங்கள் வாயில் சென்சு, 'வேண்டாம்' கட்சி. இரண்டு பேருக்கும் ஒரே படகு.

"நம்ம நாட்டு ஜனம் மொத்தமும் அவங்க ஊர்ல ஒரு பேட்டைக்குக் காணாது. நம்மள எவன்ணே கேக்கப் போறான்?" என்றான் சென்சு.

சேர்ந்தோம். வருடத்துக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று சூரைக்கு அளவு வந்தது. அதைப் பெரிய கப்பல்களும் பெரிய கைகளும் பங்கு போட்டுக்கொண்டன. கோடை பாதியில் 'இந்த வருட அளவு முடிந்தது' என்று உத்தரவு வரும். உத்தரவு வரும்போதெல்லாம் துறையில் ஒரே கூச்சல்: "டேய் பிரசல்ஸ், உன்னக் கேட்டாங்களாடா?"

சென்சுவின் மகள் கல்யாண வாரத்தில்தான் அது நடந்தது. அளவு முடிந்துவிட்டிருந்தது. வாள்மீனுக்கு விட்ட ஆயிரங்கால் தூண்டிலில் ஆள் நீளச் சூரை ஒன்று செத்து மேலே வந்தது. கல்யாண விருந்துக்கு அப்பன் பிடித்த மீன் வேண்டும் என்பது சென்சுவின் ஆசை. சட்டப்படி அதைக் கடலில் போட வேண்டும்.

"செத்ததுக்கு எதுக்குண்ணே சட்டம்? நீதான் அவங்களுக்கு வேண்டியவனாச்சே. கேளு."

விஸ்தின் உண்மையிலேயே போன் போட்டான். இங்குள்ள அதிகாரிகள், சட்டம் அங்கே போட்டது என்றார்கள். பிரசல்ஸில் ஒரு பெண், மிக மரியாதையாக, உங்கள் அரசாங்கத்தைக் கேளுங்கள் என்றாள். கண்காணிப்புப் படகு வேறு அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. விஸ்தின் கயிற்றை அறுத்து மீனைக் கடலில் விட்டான்.

"கேட்டுத்தான் செய்வாங்கன்னியே" என்றானாம் சென்சு. அதற்குப் பிறகு அவன் அந்தப் படகில் ஏறவில்லை. வேறொருவனிடம் கூலிக்குப் போனான்.

ஆனால் பெயர் விடவில்லை. அவனும் 'பிரசல்ஸ் சென்சு' ஆனான். "நான் வேண்டாம்னு ஓட்டுப் போட்டவன்டா!" என்று அவன் கத்தக் கத்த, பயல்கள் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார்கள். எனக்கே சிரிப்பு வரும். பிறகு பாவமாக இருக்கும்.

போன செப்டம்பரில் சென்சு ஆஸ்பத்திரியில் கிடந்தான். விஸ்தின் தினமும் போய்க் கட்டில் ஓரம் உட்கார்ந்தான். சென்சு முகத்தைச் சுவர்ப்பக்கமே வைத்திருந்தான். கடைசியில் ஒரே ஒரு தரம் திரும்பினான்.

"ரேடியோவுல என் சாவைச் சொல்லும்போது அந்தப் பேரப் போட்டுராத."

இத்தனை வருடத்தில் தம்பி தன்னிடம் கேட்டது அது ஒன்றுதான். விஸ்தின் அதைப் பிடித்துக்கொண்டான். சென்சு இறந்த அன்று என் கடைப் போனிலிருந்துதான் ரேடியோவுக்கு அறிவிப்பைச் சொன்னான்: "வின்சென்ட் கருவானா. லாந்தர் வீட்டார்."

"லாந்தர்னா இப்ப யாருக்குய்யா தெரியும்?" என்றேன்.

"அவனுக்குத் தெரியும், கோன்சா."



லம்பூக்கி மீன் பருவம். ஆண்கள் எல்லாரும் இரண்டு நாளாக நடுக்கடலில். ரேடியோவில்தான் சொல்லியாயிற்றே என்று யாரும் அவர்களுக்குத் தனியாகச் சொல்லவில்லை. கோயிலில் பெண்கள் இருந்தோம். படகுக்காரன் செத்தால் பெட்டியைப் படகுக்காரர்கள்தான் தூக்குவது எங்கள் வழக்கம். விஸ்தின் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒருவரும் வரவில்லை. கடைசியில் கோயில்பிள்ளையும் சவ வண்டிக்காரர்களும் தோள் கொடுத்தார்கள். 

சாயங்காலம் படகுகள் திரும்பின. சென்சு கூலிக்குப் போன படகின் சொந்தக்காரன் கெய்தானு கரையேறும்போதே குரல் கொடுத்தான்.

"பிரசல்ஸ்! தம்பிக்கு எப்படி இருக்கு? அவனுக்கு நல்லதா ரெண்டு லம்பூக்கி எடுத்து வச்சிருக்கேன்."

விஸ்தின் என் பக்கம் திரும்பினான். நான்தான் சொன்னேன், அடக்கம் முடிந்துவிட்டது என்று.

"ரேடியோவுல யாரோ லாந்தர் வீட்டு வின்சென்ட்டுன்னாங்க" என்றான் கெய்தானு. "யாரோ பாவம்னு தொப்பியைக் கழட்டிட்டு வலையை இழுத்தோம். அது சென்சுவா?"

அவன் பின்னால் எல்லாரும் வந்து நின்றார்கள். அவன் கையில் மீன்கள் அப்படியே இருந்தன. கெய்தானுவுக்குக் கண் கலங்கிவிட்டது. திட்ட வாயெடுத்தவன் திட்டவில்லை.

"பேர மாத்துறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, பிரசல்ஸ்?" என்றான்.