ஒன்றரை டன்னும் கம்பம்மெட்டும்

பிக்கப் வண்டிக்குப் பின்னால் கொக்கி வைத்துப் பிழைப்பவனிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இது எவ்வளவு இழுக்கும்?" எவ்வளவு நிறுத்தும் என்று கேட்டவர் இந்தப் பதினொரு வருஷத்தில் ஒரே ஒருவர். அவர் கடைசியில் வருவார்.

எனக்குக் கம்பம். பந்தல் சாமான், மருந்துத் தண்ணீர்த் தொட்டி, வழியில் படுத்துவிட்ட வண்டி என்று சக்கரம் வைத்த எதையும் இழுத்துக்கொண்டு போவேன். ஆனாலும் பிழைப்பில் பாதி, உத்தமபாளையம் சிக்கந்தர் பாயின் வாடகை ஜெனரேட்டர்கள்தான். அவர் கையை விரித்தால் என் வண்டி பாதி நாள் வேப்பமரத்தடியில் நிற்க வேண்டியதுதான்.

வண்டியோடு கொடுத்த கையேட்டை ஒரு மஞ்சள் பையில் போட்டு முன்சீட்டிலேயே வைத்திருப்பேன். எடைமேடையில் ஏற்றாத டிரெய்லரைக் கொக்கியில் மாட்ட மாட்டேன். அதனால் ஸ்டாண்டில் எனக்குப் பெயர் 'புஸ்தகம்'. வேறொருவனாக இருந்தால் கோபித்துக்கொள்வான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். கொக்கி வண்டி வைத்திருக்கும் சக பாவிகளுக்கு என் பாடு புரியும். ஊரில் எல்லாச் சாமானுக்கும் எடை உண்டு, கூப்பிடுகிறவருடைய சாமானுக்கு மட்டும் கிடையாது.

யாரும் கேட்காத பக்கம்

வண்டி வாங்கப் போன அன்று ஷோரூமில் ஒரு தம்பி டை கட்டிக்கொண்டு நின்றான். எவ்வளவு இழுக்கலாம் என்று கேட்டேன். "யானையைக் கட்டி இழுக்கலாம் சார்" என்றான். யானை எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டு என்றேன். பளபளப்பான விளம்பரத் தாளைப் புரட்டினான். அதில் சீட் துணியின் நிறம் இருந்தது, பாட்டுப் பெட்டி இருந்தது, இழுவை இல்லை.

விடவில்லை நான். உள்ளே போய்க் கையேட்டைத் தேடி எடுத்து வந்தான். இருவரும் மேசையில் தலையைக் கவிழ்த்துத் தேடி ஒருவழியாகக் கண்டுபிடித்தோம். பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் ஒன்றரை டன். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அதில் பாதி, எழுநூற்றைம்பது கிலோ. அந்த இரண்டு எண்களையும் அன்றைக்கே மனப்பாடம் செய்துகொண்டேன். தம்பி நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "சார், இந்தப் பக்கத்தை இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல. நானே இன்னைக்குத்தான் பாக்குறேன்."

வெறும் தண்ணி

சுருளிப்பட்டியில் பெருமாயி அக்காவுக்கு மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சை. மருந்தடிக்கும் அவசரத்தில் அவருடைய கிணற்று மோட்டார் மக்கர் செய்ய, ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்த டிரெய்லரில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தண்ணீர் கொண்டுவர என்னைக் கூப்பிட்டார். போனால் தொட்டி விளிம்பு வரை நிறைந்திருக்கிறது. டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது. "அக்கா, இது ஆயிரம் கிலோவுக்கு மேல" என்றேன். "வெறும் தண்ணிதானப்பா, அதுல என்ன கனம் இருக்கு?" என்றார். மஞ்சள் பையை எடுத்துக் காட்டினேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். பாதித் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

புத்தகத்தின்படி எல்லாம் சரி. முதல் திருப்பத்தில் திரும்பினேன். தொட்டிக்குள் இருந்த பாதித் தண்ணீர் திரும்ப மாட்டேன் என்று நேராகப் போனது. தடாலென்று ஒரு இடி. வண்டியின் பின்பக்கம் ஓரடி நகர்ந்தது. பிரேக்கை மிதித்தால் முன்னால் வந்து ஒரு மோது, விட்டால் பின்னால் போய் ஒரு மோது. மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்துபோய்ச் சேர்ந்தேன். மொபெட்டில் பின்னாலேயே வந்த அக்கா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். இறங்கி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "நெறைச்சு வச்சிருந்தா அது பாட்டுக்குக் கெடந்திருக்கும். நீ பாதியாக்கி அதுக்கு ஆட எடம் குடுத்துட்ட."

அடுத்த நடைக்கு மூடி போட்ட சின்ன டிரம்களை நிறைத்துத்தான் கொண்டுபோனேன்.

சனீஸ்வரனைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்

ஒரு சனிக்கிழமை குச்சனூர் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். சனீஸ்வரன் கோயிலுக்குப் போய்த் திரும்பிய வேன் ஒன்று வயலோரத்துச் சேற்றில் பின்சக்கரம் புதைய நின்றது. பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கி வெயிலில் நிற்கிறார்கள். கயிறு இருக்கிறது, கொக்கி இருக்கிறது, நானும் இருக்கிறேன். ஆனால் வேன் இரண்டு டன்னுக்கு மேல். என் எண் ஒன்றரை. முடியாது என்று பையைத் திறந்து பக்கத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் விளக்கினேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் ரோடு சமம், இழுக்க வேண்டியது பத்தடி, வேனுக்கு அதன் சொந்த பிரேக்கும் டிரைவரும் உண்டு. மலையேறப் போகிற எடைக்குப் போட்ட எண்ணை இங்கே கொண்டுவந்து வைத்தது என் பிழை. முதல் கியரில், கிளட்சை மெல்ல விட்டு, நாலு பேரைப் பின்னால் தள்ளச் சொல்லி எடுத்தேன். வேன் வெளியே வந்துவிட்டது. அதற்கு முன், நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கூட்டத்திலிருந்து ஒரு அம்மா போட்ட போடுதான் என்னை அசைத்தது: "புஸ்தகத்தைக் கீழ வச்சுட்டுக் கயித்தைக் கட்டுப்பா. சனீஸ்வரனையே நேருக்கு நேரா பாத்துட்டு வந்திருக்கோம், ஒன் வண்டி எங்களை என்ன செஞ்சிரப் போகுது?"

இடம் மாறிய எடை

ராயப்பன்பட்டி மாதா கோயில் திருவிழா மேடைக்கு இரும்புக் குழாய்களும் பலகைகளும் கொண்டுபோனேன். விழாக் குழுவில் இருந்த சூசை சார், பள்ளிக்கூட வாத்தியார், முன்சீட்டில் என்னோடு வந்தார். எடை போட்டாயிற்று, எண்ணுக்கு உள்ளேதான். ஆனால் இறக்கச் சுலபமாக இருக்கும் என்று கனத்த குழாய்களையெல்லாம் டிரெய்லரின் வால்பக்கம் அடுக்கியிருந்தார்கள். நானும் பார்க்காமல் விட்டேன். கொஞ்சம் வேகம் எடுத்ததும் டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. ஸ்டியரிங்கில் பிடிமானமே இல்லை. சார் இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஆக்சிலேட்டரை விட்டு, மெல்ல ஓரம் கட்டினேன். சாரும், கூட வந்த ஆட்களும், நானும் குழாய்களை முன்பக்கம் மாற்றி அடுக்கினோம். முணுமுணுப்பு கொஞ்சமில்லை. மறுபடி எடுத்தபோது டிரெய்லர் நிழல் மாதிரி பின்னாலேயே வந்தது. சார் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு கிலோ கொறையல, எடந்தேன் மாறுச்சு, அடங்கிருச்சு பாருங்க. எங்க ஸ்டாஃப் ரூம்லயும் இதைச் செஞ்சு பாக்கணும்."

கட்டை

இனி சிக்கந்தர் பாய். மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. நான் அதுவரை இழுக்காத பெரிய ஜெனரேட்டர் போக வேண்டும். வழி, கம்பம்மெட்டு மலைப்பாதை. காலையிலேயே எடை போட்டேன். ஒன்றரை டன்னுக்குச் சற்றே குறைவு. பாய் சிரித்தார். "ஒன் புஸ்தகமே சரின்னு சொல்லிருச்சுல்ல, மாட்டு."

வழக்கம்போல டிரெய்லருக்கு அடியில் குனிந்தேன். அந்த ஜாதி டிரெய்லரில் கொக்கிப் பக்கம் ஒரு தண்டு உண்டு. நாம் வேகத்தைக் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும், தண்டு உள்ளே அமுங்கும், அமுங்கினால் டிரெய்லரின் சக்கரத்திலேயே பிரேக் பிடிக்கும். ஒரே தொல்லை, ரிவர்ஸ் எடுக்கும்போதும் பிடித்துக்கொள்ளும். அதற்காக நம் ஆட்கள் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள்: தண்டு அமுங்காதபடி ஒரு கட்டையைச் செருகிவிடுவது. இதிலும் தேக்குக் கட்டை ஒன்று சிக்கென்று உட்கார்ந்திருந்தது. அதைத் தட்டி எடுத்தால், பல நாள் அசையாமல் இருந்த பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

"பாய், இதுக்கு இப்ப பிரேக் இல்ல. என் எண்ணு எழுநூத்தம்பதுதேன். நான் போகமாட்டேன்."

"கட்டையை எவன் வச்சான்?" என்றும் கேட்டேன். "முந்தி ஓட்டுன எவனாச்சும் வச்சிருப்பான்" என்றவருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "கல்யாண வீட்டுக்காரவுக போன் மேல போன் போடுறாக. நீ டிரைவரா, வக்கீலா? இதே டிரெய்லர் எத்தனை தடவ மேல போயிருக்கு! நீ மாட்டலைன்னா வேற வண்டி. இனிமேலும் வேற வண்டிதேன்." போனைக் கையில் எடுத்துவிட்டார்.

பாதிப் பிழைப்பு அந்தப் போனில் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு கணம் கை கொக்கிப் பக்கம் போனது. பிறகு கையைக் கட்டிக்கொண்டேன்.

"ஏத்தத்துல இழுக்காதோ?" என்றார்.

"நல்லா இழுக்கும் பாய். ஏறுறதுக்குப் பயமில்ல. நாளைக்கு எறங்கணுமே."

போனைப் பிடித்திருந்த கை தாழ்ந்தது. ஜெனரேட்டர் எங்கே போனாலும் முன்சீட்டில் கூடவே வருகிறவர் அவர். டிரெய்லரைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பதினொரு வருஷமாக நான் காத்திருந்த கேள்வியைக் கேட்டார். "அப்ப ஒன் வண்டி எவ்வளவுதேன் நிறுத்தும்?"

பட்டறையில் கேபிள் மாற்றி, பிரேக் டிரம்மைக் கழற்றி மாட்ட மதியமாகிவிட்டது. கல்யாண வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டார் பாய். வரவேற்புக்கு விளக்கு எரிந்தது.

மறுநாள் காலை இறங்குகிறோம். தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிய ஜீப்புகள் வரிசையாக மேலே வருகிற நேரம். ஒரு கொண்டை ஊசி வளைவில், தனக்கு முன்னால் ஏறிய ஜீப்பை முந்திக்கொண்டு இன்னொன்று என் பக்கமே ஏறி வந்துவிட்டது. மிதித்தேன். பின்னால் டிரெய்லர் ஒரு தள்ளு தள்ளியது. அடுத்த கணம் தானே தன்னைப் பிடித்துக்கொண்டது. ஜீப்பின் முன்பக்கத்துக்கும் எனக்கும் ஒரு முழம் இடைவெளி. ஜீப்பிலிருந்த பெண்கள் எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். என் கால் நடுங்கியது. ஆனால் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு கர்வமாக நான் நடுங்கியதே இல்லை.

ஜீப் பின்வாங்கி வழிவிட்டது. பாய் இறங்கிப் பின்னால் போய் டிரெய்லர் சக்கரத்தருகில் கையைக் கொண்டுபோனார். சூடு. திரும்பி வந்து உட்கார்ந்தார். சீட்டுக்கடியில் நான் போட்டு வைத்திருந்த தேக்குக் கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடிவாரம் வந்த பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "செல்வம், இதை எவன் வச்சான்னு கேட்டேல்ல? நாந்தேன்."

ஆகவே சக பாவிகளே, கம்பெனிக்காரன் போட்ட எண்ணைத் தாராளமாக நம்புங்கள், ஆனால் டிரெய்லருக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு நம்புங்கள், ஏனென்றால் அந்தக் கட்டையைப் பற்றி அவன் புத்தகத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை.