ஒட்டிய பக்கங்கள்

ஆம்பூரில் எங்கள் சபையின் புத்தக அலமாரியை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான்தான் திறப்பேன். ஷூ கம்பெனியில் தோலுக்குப் பசை தடவும் ஒரு பெண் முதல் ஆளாக வந்து நிற்பாள். விரல்நுனியெல்லாம் பசை காய்ந்து உரிந்திருக்கும். புறங்கையால்தான் பக்கம் தள்ளுவாள். அந்தக் காலத்து விசுவாசிகளைப் பற்றிய நாவல்கள் மட்டும்தான் கேட்பாள்.

“இதுலதான்க்கா ஜெபம் பண்ணா நடக்குது.”

ஒருமுறை அவள் திருப்பித் தந்த நாவலில் இரண்டு பக்கங்கள் சேர்ந்து ஒட்டியிருந்தன, ஓரம் பிசகாமல்.

“பசைக்கை பட்டுடுச்சா?” என்றேன்.

“நான்தான்க்கா ஒட்டுனேன். அவ்ளோ ஜெபம் பண்ணியும் அங்க புள்ள செத்துடுது. கதையிலயாவது இருந்துட்டுப் போவட்டும்.”

நான் பிரிக்கவில்லை. பிறகு பலர் அதைப் படித்தார்கள். அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

அவளிடம் நானும் கேட்கவில்லை.